பிலாமரப் பீப்பாய்க்கு என் பேரா?

மக்களே,

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. வீட்டில் எல்லாரும் சுகம். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போகிறது, பசு ஈன்றுவிட்டது, கிடாரிக் கன்று. போன மாசம் நீ வீடியோவில் ஒன்று கேட்டாய். "சிக்னல் இல்ல, ஒண்ணும் கேக்கல" என்று நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ கேட்டதும் நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகும் நீ கூப்பிடும்போதெல்லாம் மழை, கன்று, பிலாவில் சக்கைக் காய்ப்பு என்று பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். நீ என் மகன், உனக்கு அது புரியாமலா இருக்கும். நேரே முகம் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பா படம் பிடித்து அனுப்புவார். எழுத்து மங்கலாக இருந்தால் அவரைத் திட்டு, என்னைத் திட்டாதே.

நீ கேட்டதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அங்கே உன் கல்யாண விருந்தன்று, நீ உன் கையால் நிறைத்து மூடிவைத்த பிலாமரப் பீப்பாயைத் திறக்கப்போகிறீர்கள். உள்ளே இத்தனை வருஷமாய்க் கிடந்த கரும்புச் சாராயத்தைக் குப்பியில் அடைத்து, மேலே ஒரு பெயர் ஒட்டி விற்கப்போகிறீர்கள். அந்தத் தேசத்தில் சாராயத்துக்குப் பெண்பிள்ளைகளின் பெயர் வைப்பது சாதாரணமாம், மரியாதையாம். "அம்மா, இதுக்கு உனக்க பேரு வைக்கட்டா?" என்று கேட்டாய். பக்கத்தில் நீ கட்டப்போகிற லூசியா, நீ சொல்லிக் கொடுத்திருப்பாய் போல, கையைக் கூப்பிக்கொண்டு சிரித்தாள். என் பேரை! சாராயக் குப்பியில்! அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்குவரை தெரியவில்லை.

உன் அம்மா யார் என்று உனக்கு மறந்துபோயிருக்காது. நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நம் கருங்கல் ஊரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மதுக்கடை வந்தது. என் தையல் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் சாயங்காலம் அங்கே நிற்கவே முடியாமல் போயிற்று. ஒருத்தி வகுப்பையே நிறுத்திவிட்டாள். நான் எரிச்சலில் வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். "ஏட்டி, அடுப்பங்கரையில நின்னு கத்துனா கடை பூட்டுமா?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் செல்லம் மைனி. நமக்கு ரத்த சொந்தம் ஒன்றுமில்லை, இடவழி முக்கில் வீடு, அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கூடப்பிறந்தவள்கூட அந்த அளவுக்கு நின்றதில்லை. அவள் மாப்பிள்ளை கல்வேலை செய்கிறவர், நல்ல மனுஷர், குடித்தே போனார். அந்தக் கடை வாசலில் தார்ப்பாய் கட்டிப் பெண்பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்தோம். கஞ்சி அங்கே, துவையல் அங்கே, சண்டையும் அங்கே. ஒருநாள் போலீஸ் எங்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தது. மைனி உள்ளே நுழைந்ததும் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "எனக்குத் தாலி கட்டுனதும் இந்த மண்டபத்திலயாக்கும். அண்ணைக்கும் இப்படித்தான் பிடிச்சுக் கொண்டு வந்தாவ" என்றாள். பெண் போலீஸ்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கடைசியில் கடை போயிற்று. அன்றையிலிருந்து ஊரில் என் பெயர் 'கடை பூட்டின டீச்சர்'. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

அப்படிப்பட்டவளின் மகன் சர்க்கரை ஆலை இயந்திரம் பார்க்கப் போகிறேன் என்று பிரேசிலுக்குப் போனான். போன இடத்தில் மலைச்சரிவில் ஒரு கரும்புத் தோட்டம், அதன் நடுவில் ஒரு சாராயம் வடிக்கிற கொட்டகை, அதில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று ஒருநாள் சொன்னான். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நடந்தேன். தாங்கலுக்குப் போய் நம் சாமி அய்யாவிடம் முறையிட்டேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "அவன் மரக்கம்பெனியில இருக்கான்" என்று சொன்னேன். அப்பாவுக்கு மரத்தடி அறுக்கிற மில் இருப்பதால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. "தகப்பன் தடி அறுக்காரு, மோனும் தடி வழியே போயிட்டான், குணம் எங்க போவும்" என்று மெச்சினார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். செல்லம் மைனியிடமும் அதையேதான் சொன்னேன்.

முழுப்பொய் இல்லையே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நீயும் எந்நேரமும் மரத்தைப் பற்றித்தானே பேசுகிறாய். ஒரு மரத்தில் வைத்தால் பட்டையும் கிராம்பும் மணக்கும், இன்னொரு மரம் மணம் எதுவும் கொடுக்காமல் காரத்தை மட்டும் தணிக்கும், பிலாவு மஞ்சள் நிறம் இறக்கும் என்று நீ சொல்வாய். அப்பா கையில் இருக்கிற சாயா ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார். "வருக்கையா கூழனா? எந்தச் சக்கையிட மரம்?" என்று அவர் கேட்டதும், நீ தெரியாமல் விழித்ததும், மறுநாள் தோட்டத்துக்காரரிடம் விசாரித்து வந்து சொன்னதும் நினைவிருக்கிறதா? பிலாவு அங்கே முளைத்ததே நம் பக்கத்துக் கடற்கரைக்கு வந்த பறங்கிக் கப்பலில் கொட்டை போனதால்தான் என்று நீ சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பதிலுக்கு அங்கேயிருந்து நமக்கு வந்தது மரச்சீனிக் கிழங்கும், முந்திரி காய்க்கிற கொல்லாமரமும் என்றாய். நாம் மத்திக் கறியோடு தின்கிற மரச்சீனியை லூசியாவின் பாட்டன்மாரும் தின்றிருக்கிறார்கள். சம்பந்தம் பேசுவதற்கு முன்னாலேயே சீர்வரிசை போயும் வந்தும் ஆகிவிட்டது என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

குடிக்கிறதற்கு முன்னால் ஒரு சொட்டை அவர்கள் கும்பிடுகிற புண்ணியாளருக்கு என்று தரையில் ஊற்றுவார்கள் என்று சொன்னாயே, "சாமிக்கும் கள்ளு பழக்குதாவளா, நல்ல ஊரு" என்று நான் முகத்தைச் சுளித்தேன். அப்பா மெதுவாக, "ஏன், நம்ம சொடலைக்கு வைக்காம இருக்காவளா?" என்றார். ஆனால் நீ சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்தது. செம்புப் பானையில் காய்ச்சும்போது முதலில் இறங்குவது 'தலை', கடைசியில் இறங்குவது 'வால்', இரண்டையும் விலக்கிவிட்டு நடுவில் வருகிற 'நெஞ்சை' மட்டும்தான் பீப்பாயில் சேர்ப்போம் என்றாய். கல்யாணம் கழிந்தால் சண்டை வரும் மக்களே, வராமல் இருக்காது. அதிலும் அவள் உன் பாஷையில் அழுவாள், நீ அவள் பாஷையில் கோபப்படுவாய். அப்போது முதலில் நாக்கில் வருவதையும், முடிந்த பிறகு வாலாய் இழுத்துக்கொண்டு கிடப்பதையும் எடுத்து வைக்காதே. நடுவில் அவள் ஏதோ ஒன்று உண்மையாய்ச் சொல்லியிருப்பாள், அதை மட்டும் பிடித்துக்கொள். நானும் அப்பாவும் இதைப் படிக்க ரொம்ப வருஷம் பிடித்தது. இன்னும் முழுசாய்ப் படித்தபாடில்லை.

இனிதான் உனக்குத் தெரியாத கதை. உன் சிநேகிதன் லீவுக்கு வந்தபோது அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி நீ பிலாமரச் சாராயம் கொஞ்சம் கொடுத்துவிட்டாயாமே. எனக்குத் தெரியவே தெரியாது. அப்பா பஸ் ஸ்டாண்டில் வைத்து வாங்கி, அந்த அழகான கண்ணாடிக் குப்பியோடு வீட்டுக்குள் வந்தால் நான் விசாரணைக் கமிஷன் வைப்பேன் என்று பயந்து, நம் அலமாரியில் காலியாய் இருந்த அரிஷ்ட மருந்துக் குப்பியில் மாற்றி ஊற்றி, மற்ற அரிஷ்டங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். தவிட்டுநிறக் குப்பி, உள்ளே என்ன நிறம் இருந்தால் யாருக்குத் தெரியும்? நம் வீட்டில் பல்பொடி தீர்ந்தாலும் அரிஷ்டம் தீராது என்பது ஊருக்கே தெரியும். நீ வீடியோவில் பேசின மறுநாள் மத்தியானம் செல்லம் மைனி சாப்பிட வந்திருந்தாள். சக்கை அவியல் வைத்திருந்தேன். ருசியில் இரண்டு பேரும் அளவு தெரியாமல் தின்றுவிட்டோம். மைனிக்கு வயிறு பொருமியது. "அரிஷ்டம் ஒரு மூடி தா பிள்ளே" என்றாள். முன்னால் இருந்த குப்பி தீர்ந்திருந்தது. நான் பின்னால் கைவிட்டு எடுத்து, மூடி நிறைய ஊற்றி, எனக்கும் காலிக் குப்பி மூடியில் ஒன்று ஊற்றிக்கொண்டேன். வயசாகிறது, கண்ணாடி போடாமல் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

மைனி ஒரே மடக்கில் விழுங்கினாள். விழுங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. நான் என் மூடியை வாய்க்குக் கொண்டுபோகவில்லை, அவள் முகம் என்னை நிறுத்திவிட்டது.

"ஏட்டி, இது என்னது?"

"அரிஷ்டம்தான் மைனி. கொஞ்சம் கடுப்பா இருக்கும்."

"எனக்க கிட்டயா சொல்லுதே? இந்த மணத்தோட காலம் முழுக்கப் படுத்து எழும்புனவளாக்கும் நான். இது சாராயம்."

நான் அய்யா மேல் சத்தியம் செய்யப்போனேன். நல்லவேளை, அதற்குள் மில்லிலிருந்து சாப்பிட வந்த அப்பா வாசலில் நின்று எல்லாம் கேட்டுவிட்டார். "நான்தான் மாத்தி ஊத்துனேன். நம்ம பயல் குடுத்துவிட்டதாக்கும். இவ கண்ணுல பட்டா தூக்கிக் களைஞ்சிருவாளேன்னு..." என்று இழுத்தார். மைனி அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "அவன் மரக்கம்பெனியில இல்லியா?" என்று கேட்டாள். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு நான் அப்பாவைச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பாவம், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபம் அவர் மேல் இல்லை என்பது அவருக்கும் தெரியும். மைனி நாலைந்து நாளாய் வரவில்லை. பூ பறிக்க வரவில்லை, மோர் வாங்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பியே பார்க்கவில்லை. தார்ப்பாயின் கீழே என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு என் கையாலேயே சாராயம் ஊற்றிக் கொடுத்தேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மாப்பிள்ளையைக் கொன்ற அதே சாமானம்.

பிறகு நானே போனேன். மைனி முற்றத்தில் நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் காலில் விழாத குறையாய் எல்லாவற்றையும் சொன்னேன். கரும்புச் சாறு, செம்புப் பானை, பீப்பாய், கல்யாணம், நீ என் பெயர் கேட்டது, எல்லாம். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவள் மிளகைக் கையால் பரத்திக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்ததும், "அந்தப் பீப்பாய்ல எத்தன காலம் கெடக்கும்?" என்று கேட்டாள். வருஷக்கணக்கில் கிடக்கும், கொஞ்சத்தை மரமே குடித்துவிடுமாம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். "அத்தன காலம் பாத்துக்கிட்டு இருக்கதுக்குப் பொறுமை இருந்துருந்தா எனக்க மாப்பிள இண்ணைக்கும் கல்லு கொத்திக்கிட்டு இருந்திருப்பாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது, எனக்கும் வந்தது.

நான் தயங்கித் தயங்கி, "அவன் மேல கோவமா மைனி?" என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ கேட்க வேண்டும்.

"அவன் செய்யுதது நல்ல காரியம்னு சொல்ல எனக்கு ஒக்காது. செத்தாலும் ஒக்காது. ஆனா அவன் எனக்கும் மோனாக்கும், நான் சோறு குடுத்த பயல். எனக்கு வெப்புராளம் உன் மேலயாக்கும். எனக்க மாப்பிள எண்ணைக்காவது 'குடிச்சிட்டு வாறேன்'னு சொல்லியிருக்காரா? சந்தைக்குப் போயிட்டு வாறேன், கல்லு பாக்கப் போயிட்டு வாறேன், இதான். ஊருக்கே தெரியும், நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கணும். ஏட்டி, குடியில பாதி பொய்யாக்கும். நீயும் எனக்கிட்ட மரக்கம்பெனின்னு சொன்னியே."

மக்களே, அந்தக் கடை வாசலில் யார் யாரோ என்னை என்னென்னவோ பேசினார்கள். ஒருத்தன் என் மேல் சோடா குப்பியை எறிந்தான். அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. குடிக்காத வீட்டில், குடிகாரன் வீட்டுப் பொய்யை நான் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதுவும் உன்னைப் பற்றி. நீ அங்கே விடியும் முன்னே எழுந்து கரும்பு அரைத்து, வால் சொட்டு விழுகிற நேரத்துக்குக் காத்து நின்று, பீப்பாயைத் தட்டிப் பார்த்து, இத்தனை வருஷம் ஒழுங்காய் ஒரு வேலையைச் செய்கிறாய். பிள்ளை செய்கிற வேலையைச் சொல்ல வாய் கூசுகிற அம்மாவிடம், அந்த வேலைக்கே அவள் பெயரைக் கேட்டாய். உனக்கு என் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தால் கேட்டிருப்பாய் என்று நினைத்து அன்றைக்கு இடவழியில் நடக்கும்போதே அழுதேன்.

ஆனாலும் பெயர் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைக் கேள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் போலீஸ்காரர் என்னை வேனில் ஏறச் சொன்னார். அந்தப் பெயரை நம்பித்தான் தாய்மார்கள் தங்கள் பெண்பிள்ளைகளைச் சாயங்காலம் என்னிடம் அனுப்புகிறார்கள். நீ எவ்வளவு நல்ல மரத்தில் வைத்தாலும், அதையும் ஒருவன் அளவு தெரியாமல் குடிப்பான், ஒருத்தி வீட்டில் காத்துக்கொண்டிருப்பாள். அவள் கையில் அந்தக் காலிக் குப்பி கிடைக்கும்போது அதில் என் பெயர் இருக்கக்கூடாது. லூசியாவின் பெயரையும் வைக்காதே, அவள் உன்னோடு கோபப்படுகிற நாளில் அது சங்கடமாய்ப் போகும். பிலாவு என்றே வை, பாவம் அந்த மரம் ஒருத்தரையும் ஒன்றும் சொல்லாது. விருந்தில் முதல் சொட்டைத் தரையில் ஊற்றும்போது செல்லம் மாமியின் மாப்பிள்ளையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள். உனக்குச் சின்ன வயசில் கல்லில் யானை கொத்திக் கொடுத்தவர் அவர்.

ஆவணியில் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வரும்போது வைக்கிற வரவேற்புக்குப் பத்திரிகை அடிக்க வேண்டுமே. அப்பா எழுதி வைத்திருந்த வாசகத்தில் உன் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், 'மரக்கம்பெனி, பிரேசில்' என்று இருந்தது. நேற்று அதை எடுத்துக்கொண்டு நானே பிரஸ்ஸுக்குப் போனேன். அதை அடித்துவிட்டு, 'கரும்புச் சாராயம் வடிப்பவர், பிரேசில்' என்று எழுதிக் கொடுத்தேன். பிரஸ்காரத் தம்பி காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் தங்கச்சி என்னிடம்தான் தையல் படித்தாள்.

"டீச்சர், இது தெரியாம எழுதுனதா?"

"இல்ல."

"கடை பூட்டின டீச்சர்னு சொல்லுத நீங்களே... ஊர்ல சிரிப்பாவ டீச்சர்."

"சிரிக்கட்டு. எழுத்துப் பிழை இல்லாம அடி."

இன்றைக்குக் காலையில் பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவி, முதலாவதை எடுத்துக்கொண்டு செல்லம் மைனி வீட்டுக்குப் போனேன். அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், உனக்குத் தெரியும். மேலே 'அழைப்பவர்' என்று இருக்கிற என் பெயரை வாசித்தாள். விரலை இறக்கி உன் பெயரை வாசித்தாள். அதற்குக் கீழே வந்ததும் விரல் நின்றது. ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டினாள், முடித்தாள், திரும்ப ஒருமுறை கூட்டினாள். பிறகு பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆவணியில எந்தத் தேதி, சரியாச் சொல்லு, நான் முந்தின நாளே வந்து தேங்கா திருவணும்" என்றாள்.

என் பெயரும் உன் சாராயமும் ஒரே காகிதத்தில் வர வேண்டும் என்று கேட்டாய். வந்துவிட்டது மக்களே. ஊர் முழுக்க நானே கொண்டு கொடுக்கப்போகிறேன்.

உன் அம்மா